எப்படியும் சாகத்தானே போகுது?

“எப்படியும் சாகத்தானே போகுது, அதுக்கு ஏன் இந்தச் செலவு?”

பூனை லியூக்கேமியா தொற்றிய பூனைகளை வைத்துப் பார்க்கிற சரணாலயங்களைப் பற்றி எங்கள் வட்டத்தில் கதை வரும்போதெல்லாம் முதலில் வந்து விழுகிற வசனம் இதுதான். கன்டீன், ஹொஸ்டல் விறாந்தை, பஸ் எண்டு எங்க கதைச்சாலும் இதே வசனம். சொல்லுகிறவர் ஏதோ உலகத்தையே கரைச்சுக் குடிச்ச யதார்த்தவாதி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்லுவார். இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்துக்கு எதிரானது. பூனைப் பிரியர்களுக்காக எழுதப்பட்டதும் அல்ல. பூனையைக் கண்டால் செருப்பைக் கழற்றுகிறவர்களும் தாராளமாக வாசிக்கலாம்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். 1964இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஜரெட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்த வைரஸை அடையாளங் கண்டார்கள். ஒரே வீட்டில் வளர்ந்த பூனைகளுக்கு அடுத்தடுத்து நிணநீர்ப் புற்றுநோய் வந்ததுதான் அவர்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. புற்றுநோய் தொற்றுமா? பூனைகளில் அதற்குக் காரணமான வைரஸ் தொற்றியது. அது எலும்பு மச்சையைப் பிடித்து இரத்தசோகையை உண்டாக்கும், நோயெதிர்ப்பைக் குலைக்கும், சிலவற்றில் புற்றுநோயாக முடியும். பரவுவது முக்கியமாக உமிழ்நீரால். ஒன்றையொன்று நக்கித் துடைத்துவிடுவது, ஒரே கோப்பையில் சாப்பிடுவது, சண்டையில் கடிப்பது, தாயிடமிருந்து குட்டிக்குப் போவது. பூனைகள் தங்களுக்குள் பாசம் காட்டுகிற வழி எதுவோ அதே வழியால்தான் நோயும் போகிறது.

மனிதருக்குத் தொற்றாது. நாய்க்கும் தொற்றாது. பூனையின் உடம்புக்கு வெளியே வந்தால் இந்த வைரஸ் ஒரு சோம்பேறி. காய்ந்த தரையில் சில மணித்தியாலம்கூடத் தாக்குப்பிடிக்காது. சாதாரண சவர்க்காரத்துக்கே செத்துப்போகும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. “வைரஸ்” எண்ட சொல்லைக் கேட்ட உடனே மூக்கைப் பொத்துகிற பழக்கம் கொவிட்டுக்குப் பிறகு எங்கள் எல்லாருக்கும் வந்துவிட்டது. அந்தப் பூனைகளின் அறைக்குள் போய் இருந்து, மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டு வருகிற மனிதருக்கு ஒன்றும் ஆகாது.

தொற்றிய பூனையெல்லாம் சாகிறதும் இல்லை. ஒரு பகுதிப் பூனைகள் வைரஸை விரட்டிவிடுகின்றன. இன்னொரு பகுதியில் அது உடம்புக்குள் அடங்கிப்போய்க் கிடக்கிறது. மிச்சத்தில்தான் தொடர்ந்து பெருகி ஆளைக் கொல்கிறது. இந்தக் கடைசி வகையின் ஆயுள் குறைவு, அதை மறைத்துக் கதைக்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பூனை நல மையம் சொல்கிற கணக்குப்படி, நோய் உறுதியான பிறகு பாதிப் பூனைகள் இரண்டரை வருடத்துக்கு முன்னமும் மற்றப் பாதி அதற்குப் பிறகும் போய்ச் சேருகின்றன. இரண்டரை வருடம். எங்கட கலைப்பீடத்தில் ஒரு பொதுப் பட்டம் முடிக்கவே இதைவிடக் கூட நாள் எடுக்கும், அதுவும் ஸ்ட்ரைக் எதுவும் இல்லாவிட்டால். அந்த இரண்டரை வருடத்தில் பெரும்பகுதி பூனை நோயாளி மாதிரிக் கிடப்பதும் இல்லை. சாப்பிடும், ஓடும், வெயிலில் மல்லாந்து படுக்கும், பல்லி பிடிக்கும். வைரஸ் இருக்கிறதெண்டு பூனைக்குத் தெரியாது. தெரிந்தது எங்களுக்குத்தான், தெரிந்த உடன் ஊசியைத் தேடுவதும் நாங்கள்தான்.

அந்த ஊசிப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1973இல் அமெரிக்காவில் வில்லியம் ஹார்டியின் குழு இரத்தத்தில் இந்த வைரஸைக் கண்டுபிடிக்கிற ஒரு பரிசோதனையைக் கொண்டுவந்தது. அதோடு சேர்ந்து ஒரு கொள்கையும் வந்தது. பல பூனைகள் வளர்கிற வீடுகளில் எல்லாவற்றையும் பரிசோதித்து, தொற்றியவற்றை “அகற்றுதல்”. தடுப்பூசி இல்லாத காலம் அது. மற்றப் பூனைகளைக் காப்பாற்ற வேறு வழி தெரியாத காலம். நோய் குறைந்ததும் உண்மை. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் “அகற்றுதல்” எண்ட சொல்லைக் கவனியுங்கள். இந்த மாதிரிச் சொற்களை அறிக்கைகளில் வாசித்து வளர்ந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

பிறகு 1985இல் அமெரிக்காவில் தடுப்பூசி விற்பனைக்கு வந்தது. சில துளி இரத்தத்தில் பத்து நிமிடத்தில் முடிவு சொல்கிற பரிசோதனைப் பெட்டிகள் வந்தன. நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பது வடிவாக விளங்கியது. கொல்வதற்கு முன்னர் இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. பழக்கம் மட்டும் கழரவில்லை. விலங்குக் காப்பகங்களில் ஒரு பூனை பொசிட்டிவ் எண்டு வந்தால் அன்றைக்கே ஊசி. அது விளையாடிக்கொண்டிருந்ததா, நன்றாகச் சாப்பிட்டதா எண்டது கணக்கில்லை. இதற்குக் “கருணை” எண்டும் பெயர் வைத்தார்கள். நோகாத பூனைக்குச் செய்கிற கருணைக்கொலை யாருடைய நோவைத் தீர்க்கிறது? இடமில்லாத காப்பகத்தின் நோவை. கூண்டுக் கணக்குப் பார்க்கிறவரின் நோவை. அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியே, பரிசோதனை முடிவை மட்டும் வைத்து ஒரு பூனையைக் கொல்ல முடிவெடுக்கக்கூடாது, திரும்பவும் பரிசோதித்து உறுதிப்படுத்த வேண்டும் எண்டு சொல்லிவிட்டது. வைத்தியம் படித்தவர்கள் சொல்லியாயிற்று. இனி எங்கட யதார்த்தவாதிகள் யாரிடம் படித்தார்கள் எண்டு தெரியவில்லை.

இந்தப் பழக்கத்துக்கு எதிராகத்தான் சரணாலயங்கள் நிற்கின்றன. யூட்டா மாநிலத்தில் கனாப் எண்ட சின்ன ஊருக்குப் பக்கத்தில், சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்குக்குள், 1984இலிருந்து பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் சரணாலயம் இருக்கிறது. நாய், குதிரை, பறவை எல்லாம் உள்ள அந்தப் பெரிய இடத்தில் லியூக்கேமியா பூனைகளுக்கும் அறைகள் உண்டு. நியூ ஜேர்சியில் ரிங்கோஸ் எண்ட ஊரில் டாபிஸ் பிளேஸ் இருக்கிறது. கூண்டில்லாமல் பூனைகளை வைத்திருக்கிற இடம். இந்த நோய் உள்ளவற்றுக்கெண்டே தனிப்பகுதி கட்டியிருக்கிறார்கள்.

அப்படி ஒரு அறைக்குள் என்ன நடக்கிறது? பெரிசாக ஒன்றுமில்லை, அதுதான் விசயம். மரப்பலகைத் தட்டுகள், சாய்மனைக் கதிரைகள், வெயில் விழுகிற யன்னல், வலையடிச்ச விறாந்தை. விறாந்தையில் நின்று பறவைகளைப் பார்த்துப் பல்லை நறுநறுக்கிற பூனைகள். காலையில் சாப்பாடு, மண்பெட்டி துப்புரவு, பின்னேரம் திரும்பவும் அதே. சாதாரண காப்பகத்தில் பொசிட்டிவ் ஆன பூனை எண்டால் அது தனிக்கூண்டில் ஒற்றையாகக் கிடக்கும், மற்றவற்றுக்குத் தொற்றிவிடக்கூடாதே எண்டு. இங்கே எல்லாவற்றுக்கும் அதே நோய். ஆகவே தடையில்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒன்றையொன்று நக்கிவிடலாம், குளிர்காலத்தில் ஆறேழு சேர்ந்து ஒரே குவியலாகப் படுக்கலாம். பிரித்து வைத்த நோயே அந்த அறைக்குள் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது.

உள்ளே போகிறவர் கை கழுவி, பல இடங்களில் செருப்பும் மாற்றித்தான் போகவேண்டும். பார்க்கிறவர்கள் நினைப்பார்கள், வெளியில் இருக்கிற எங்களைக் காப்பாற்றத்தான் எண்டு. அதைவிட முக்கியம் மறுபக்கம். எங்கள் காலில் ஒட்டி வருகிற சாதாரணத் தடிமன் கிருமிகூட, எதிர்ப்புச் சக்தி குறைந்த இந்தப் பூனைகளைக் கவிழ்த்துவிடும். பயப்பட வேண்டியது அவைதான், எங்களைப் பார்த்து.

இன்னொன்று. இப்படியான அறையைப் பற்றிக் கேட்டால் எங்கள் மனதில் வருவது முதியோர் இல்லம். உண்மையில் அது முன்பள்ளி. குட்டியாக இருக்கும்போது தொற்றினால்தான் இந்த நோய் மிக மோசமாகப் பிடிக்கும். ஆயுளும் குறைவு. அதனால் அந்த அறைகளில் கனக்க இருப்பது ஒன்று, இரண்டு, மூன்று வயதுப் பூனைகள். துள்ளுகிற வயசு. திரைச்சீலையில் தொங்குகிற வயசு. பார்க்கிறவர்களின் வேலை முழுக்கக் கவனிப்பதில் இருக்கிறது. நிறை பார்ப்பார்கள். உதட்டை விலக்கி முரசின் நிறம் பார்ப்பார்கள், வெளிறினால் இரத்தசோகை. வாய்ப்புண் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, மூச்சு வேகமாக வாங்குகிறதா. காலையில் தட்டில் மிஞ்சிய சாப்பாடு அந்த அறையில் ஒரு அபாயச் சங்கு. நேற்றுப் பின்னேரம் பந்து உருட்டின பூனை இன்று காலை எழும்பாமல் கிடக்கலாம். அப்படித்தான் பல நேரம் முடிகிறது, கெதியாக. மூச்சு எடுக்க ஏலாமல் தவிக்கிற பூனைக்கு அங்கேயும் ஊசி போடுகிறார்கள். அதை நாங்கள் எதிர்க்கவில்லை. தவிப்புக்குப் போடுகிற ஊசி வேறு, ஒரு அட்டையில் தெரிந்த கோட்டுக்குப் போடுகிற ஊசி வேறு. இந்த இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிடுகிறபோதுதான் எங்களுக்குக் கோபம் வருகிறது.

சரி, செலவு. “மனுசருக்கே இல்லை, பூனைக்கு என்னத்துக்கு?” எண்டு கேட்கிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்திருக்கிறோம். மனுசருக்கு உண்டியல் குலுக்குகிற நாளில் அவர்களைக் காணக்கிடைக்காது. உதவி செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் செய்கிறார்கள், செய்யாதவர்கள் இரண்டுக்கும் கணக்குக் கேட்கிறார்கள். அதை விடுவம். உண்மையான கணக்கைப் பார்த்தாலும் வாதம் நிற்காது. இந்த நோயைத் தீர்க்கிற மருந்து இல்லை. ஆகவே நன்றாக இருக்கிற காலத்தில் பூனைக்குத் தினசரி விலையுயர்ந்த சிகிச்சை எதுவும் தேவைப்படுவதும் இல்லை. நல்ல சாப்பாடு (பச்சை இறைச்சி கூடாது, கிருமி பிடிக்கும்), கருத்தடை, வெளியே திரியாமல் ஒரு வீடு, வருடத்தில் இரண்டு முறை வைத்தியர், கண் திறந்து பார்க்க ஒரு ஆள். இதில் எது ஆடம்பரம்?

காசு இருக்கிற நாடு, அதனால் செய்கிறார்கள் எண்டும் சொல்லுவார்கள். அதே நாட்டின் காப்பகங்களில் 2023இல் மட்டும் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டன. இது பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் அமைப்பே வெளியிடுகிற கணக்கு. காசு இருந்தும் கொல்கிறார்கள். ஒஸ்டின் நகரத்தைப் பாருங்கள். 2010இல் நகரசபை கொலையைக் குறைக்கிற திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஒஸ்டின் பெட்ஸ் அலைவ் எண்ட அமைப்பு, காப்பகத்தில் சாகக் கிடந்த லியூக்கேமியா பூனைகளை எடுத்து, நோயை ஒளிக்காமல் சொல்லி, வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. ஒருத்தரும் எடுக்கமாட்டினம் எண்டு நினைத்த பூனைகளை நூற்றுக்கணக்கில் ஆட்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். எத்தனை நாள் இருக்கும் எண்டு தெரிந்துகொண்டே எடுத்தார்கள். அங்கே மாறியது வங்கிக் கணக்கு அல்ல, கேள்வி. “எவ்வளவு நாள் இருக்கும்?” எண்டு கேட்ட இடத்தில் “இண்டைக்கு எப்படி இருக்கு?” எண்டு கேட்டார்கள், அவ்வளவுதான்.

இது பூனைக் கதை மட்டும்தானா எண்டு எங்களுக்குச் சந்தேகம். எங்கள் வீடுகளில் ஒருவருக்குப் புற்றுநோய் எண்டு ரிப்போட் வந்த நாளிலிருந்து எல்லாரும் கதைக்கிற தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறோம். ஆள் உள்ளறையில் முழிப்பாக இருக்க, விறாந்தையில் அவரைப் பற்றி இறந்தகாலத்தில் கதைக்கத் தொடங்குவார்கள். “இனி என்னத்துக்குப் புதுச் சட்டை” எண்டு ஒரு அம்மம்மாவைப் பற்றிச் சொன்னதை எங்கள் காதால் கேட்டோம். அவ அதற்குப் பிறகு மூன்று தீபாவளி கண்டவ. பூனையையும் மனுசரையும் ஒன்றாக்குகிறோம் எண்டு சண்டைக்கு வராதீர்கள். ஒன்றாக்கவில்லை. ஒரே வாய்தான் இரண்டையும் சொல்கிறது எண்டு காட்டுகிறோம்.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தி, கொழும்பில் அனெக்ஸ் எடுத்துத் தங்கிப் படிக்கிறவள், ஒரு கடுவன் குட்டியை மழையில் கண்டு தூக்கி வந்தாள். பிறகு ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தது எண்டு ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். பத்து நிமிடம், பொசிட்டிவ். அங்கிருந்தவர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் “வச்சிருந்து வேலையில்லை தங்கச்சி, இப்பவே செய்திடுவம்” எண்டாராம். திரும்பப் பரிசோதிக்க வேண்டாமா எண்டு இவள் கேட்டதற்கு, “எதுக்குக் காசை வீணாக்குறீங்கள்?” அவள் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆறு கிழமை கழித்து வேறு இடத்தில் பார்த்தபோதும் பொசிட்டிவ்தான். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடாததற்குக் காரணம் ஒரு சொத்தைப் பல். பல்லைப் பிடுங்கின பிறகு அவிச்ச சூடை மீனுக்கு வீட்டை இரண்டாக்குகிறது. அறையை விட்டு வெளியே விடுவதில்லை, வேறு பூனை எடுப்பதில்லை எண்டு அவள் முடிவெடுத்திருக்கிறாள். எத்தனை நாள் எண்டு எங்களுக்கும் தெரியாது. ஒரு வருடம் தாண்டிவிட்டது.

இவ்வளவும் கொல்லச் சொல்கிறவர்களுக்கு. மற்றப் பக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களோடும் எங்களுக்குக் கணக்கு உண்டு. சரணாலய வீடியோவைப் பார்த்துக் கண் கலங்கி, “இது சொர்க்கம், எங்கட ஊரிலயும் ஒண்டு கட்டுவம்” எண்டு கிளம்புகிறவர்கள். அது சொர்க்கம் இல்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் மாதாமாதம் பெயர் வைத்து வளர்த்ததைப் புதைக்கிறார்கள். நல்ல சரணாலயம் தன் அறையை நிரப்பி வைத்துக்கொண்டு பெருமைப்படுவதும் இல்லை. பூனையை வீட்டுக்கு அனுப்பத்தான் பார்க்கிறது. வீடு கிடைக்காதவற்றுக்குத்தான் அந்த யன்னலும் விறாந்தையும்.

எங்கட ஊரில் “பூனைச் சரணாலயம்” எண்டு தொடங்குவது பெரும்பாலும் எப்படி இருக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும். சந்தையடியிலும் கோயில் வீதியிலும் கம்பஸ் கேற்றடியிலும் பெட்டியில் வைத்து விட்டுப்போன குட்டிகளை நல்ல மனதோடு ஒருவர் பொறுக்குவார். பத்து முப்பதாகும், முப்பது அறுபதாகும். பரிசோதனை இல்லை, கருத்தடை பிறகு பார்ப்பம், தடுப்பூசிக்குக் காசு சேரட்டும். ஒரே அறை, ஒரே தட்டு, புதுசு புதுசாக வந்து சேருகிற குட்டிகள். இந்த வைரஸுக்கு இதைவிட நல்ல வீடு யாரும் கட்டிக்கொடுக்க ஏலாது. கனாபில் ஒரே தட்டில் சாப்பிடுகிற பூனைகள் பரிசோதித்த பூனைகள். அந்த ஒரு வித்தியாசத்தை விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் கொப்பி அடித்தால், ஒரு பூனையைக் காப்பாற்றப் போய் நாற்பதுக்கு நோயைக் கொடுப்போம். ஊசி போடுகிறவர் ஒன்றைக் கொல்கிறார். பரிசோதிக்காமல் குவிக்கிறவர் எத்தனையைக் கொல்கிறார் எண்டு அவருக்கே தெரியாது, அழுதுகொண்டே செய்வதால் நாங்களும் கேட்பதில்லை.

ஆகவே எங்களிடம் உண்டியலோடு வருகிற நண்பர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். கட்டடத்துக்கு முதல் பரிசோதனைப் பெட்டி வாங்குங்கள். அதற்கும் முதல் உங்கள் ஒழுங்கையில் திரிகிற பெட்டைப் பூனைக்குக் கருத்தடை செய்யுங்கள். பொசிட்டிவ் வந்தால் ஆறு கிழமை பொறுத்துத் திரும்பப் பாருங்கள். திரும்பவும் வந்தால் அதற்கு ஒரு அறை, ஒரு தட்டு, ஒரு ஆள். இப்படிச் சொன்னால் “உங்களுக்கு மனமில்லை” எண்டு அவர்கள் கோபிக்கிறார்கள். “உங்களுக்கு விசர்” எண்டு மற்றவர்கள் சிரிக்கிறார்கள். இரண்டு பேரும் வரட்டும், இருந்து கதைப்பம். சூடை மீன் அவிக்கிற மணத்துக்கு மூக்குச் சுழிக்காத ஆட்களாக இருந்தால், கொழும்பு அனெக்ஸிலேயே வைத்துக் கதைக்கலாம்.